நீல ஒயர்

வண்டிக்கு எதற்கு இரண்டு பேட்டரி என்று நேற்று கேட்டீர்கள். பட்டறைக்கு வருகிற பாதிப் பேர் முதலில் கேட்பது அதைத்தான். அதனால் பதில் எனக்கு மனப்பாடம். ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு. இன்னொன்று, ஆளில்லாத பொட்டலில் வண்டியை நிறுத்திக் கூடாரம் போட்டுத் தங்குகிறார்களே, அந்த நேரத்துக்கு. ஃப்ரிட்ஜ், விளக்கு, விசிறி, போன் சார்ஜ் எல்லாம் அந்த இரண்டாவதிலிருந்து ஓடும். இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி இருக்கும். பெட்டியில் ஐசொலேட்டர் என்று போட்டிருப்பார்கள், நாங்கள் வாட்ச்மேன் என்போம். இன்ஜின் ஓடும்போது அவர் கதவைத் திறந்து இரண்டாவதற்கும் சார்ஜ் போக விடுவார். இன்ஜின் நின்றதும் சாத்திவிடுவார். நீங்கள் மூன்று நாள் ஐஸ் தண்ணீராகக் குடித்து இரண்டாவதை ஒட்ட உறிஞ்சினாலும் முதலாவது அப்படியே இருக்கும். சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பும். வீட்டுக்கு வந்து சேரலாம்.

இருபத்தாறு வருடமாக இதைச் செய்கிறேன். நான் பொருத்திக் கொடுத்த வண்டி எதுவும் நடுவழியில் நின்றதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. தம்பி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிற வாக்குமூலத்தில், எங்கள் பட்டறையில் வேலையைச் சரிபார்க்காமல் வண்டியை வெளியே விட்டதுபோல் ஒரு வரி வருகிறது. அதைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன். அந்த ஒரு வரியைத் திருத்த முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் எழுதியது இதுதானே? சோதனை பார்ப்பதற்காக வாட்ச்மேனின் இரண்டு முனைகளையும் ஒரு நீல ஒயர்த் துண்டால் இணைத்தேன், பிறகு அதைக் கழற்ற மறந்துவிட்டேன், அதனால் இரண்டு பேட்டரியும் ஒன்றாகவே தீர்ந்துபோயின, என் மறதியால் என் மனைவி செத்தாள். நீங்கள் அதையும் முழுசாக நம்பவில்லை. இருபது வருடம் ஒயர் பிடித்தவன் மறப்பானா, வேண்டுமென்றே செய்திருப்பானோ என்று உங்களுக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறீர்கள்.

அவன் எப்படிப்பட்டவன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அவனைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்போது எனக்குப் பதினொன்று. எனக்கு இருபது வயதில் அப்பாவும் போனார். பட்டறையும் அவனும் என் கைக்கு வந்தார்கள். பகலில் வண்டி, மாலையில் அவனுடைய பாடம். என்னைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நல்லவர். தம்பியை விடுதியில் சேர்த்துவிடலாமே என்றார். அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாக எடுத்த முடிவு. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை அவனிடம் குத்திக் காட்டியதில்லை.

அவனுக்கும் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு நான் காரணம் என்று பக்கத்துக் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். அது பள்ளிக்கூட டீச்சர் விஷயம். தம்பிக்கு அப்போது இருபத்தெட்டு. நிச்சயம் வரைக்கும் வந்தது. அந்த டீச்சருடைய அப்பாவுக்கு, பையனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது என்று பெயர் போடாத கடிதம் ஒன்று போயிற்று. எழுதியது நான்தான். ஆனால் அதில் பொய் கிடையாது. ஏழு வயதில் காய்ச்சலில் ஒரு தடவை அவனுக்கு இழுத்தது. ஒரே ஒரு தடவை. எத்தனை தடவை என்று அவர்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தான். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகத் தேற்றினேன். அந்த மூன்று மாதமும் அவன் என்னிடம் பேசிய மாதிரி அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

அளவுக்காரி வந்தது அதற்கு ஆறு வருடம் கழித்து. நில அளவை அலுவலகத்தில் வேலை. நான் வைத்த பட்டப்பெயர்தான் அது. பட்டறைக்குள் கால் வைத்ததும் மேலே கீழே சுற்றிப் பார்த்து, இந்த வாசலில் என் வண்டி நுழையும், ஆனால் இரண்டு பக்கமும் நான்கு விரல்தான் மிஞ்சும் என்று கண்ணாலேயே அளந்து சொன்னாள். தம்பி டேப் வைத்துப் பார்த்தான். நான்கு விரல்தான் இருந்தது. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு, டேப்பை அவன் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி வைத்தேன்.

"நான் போற எடத்துல ரோடே கிடையாது. ஒரே எடத்துல நாலு நாள் வண்டி நிக்கும். மத்தது எது நின்னாலும் பரவாயில்ல, ஃப்ரிட்ஜ் நிக்கக் கூடாது" என்றாள்.

"அப்படி என்னங்க வெச்சிருக்கீங்க உள்ள?" என்றான் தம்பி.

"என் உயிரத்தான்" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினாள். இன்சுலின். பத்து வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்கிறாளாம். சூட்டில் கிடந்தால் கெட்டுப்போகுமாம். அதையும் ஏதோ வேடிக்கை சொல்வதுபோல் சொன்னாள்.

அவளுக்கு இரட்டை பேட்டரி பொருத்திக் கொடுத்தோம். தம்பி ஒயர் இழுத்தான். ஃப்ரிட்ஜுக்குச் சட்டம் அடித்துத் திருகாணி முடுக்கியது நான். எட்டு மாதத்தில் கல்யாணம். இந்தத் தடவை கடிதம் எழுத யாரும் இல்லை. அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. யாரிடம் சொல்ல?

மாடியில் குடிவைத்தேன். என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. புதிதாக வந்தவள் ஒரு மாதம் கழித்தாவது முகத்தைச் சுளிக்க வேண்டும், ஒரு வார்த்தை மேலே போட்டுப் பேச வேண்டும். இவள் பேசவே இல்லை. எதையோ மனதில் வைத்துக்கொண்டு நாளை எண்ணுகிறவர்கள்தான் அப்படி நல்லவர்களாக இருப்பார்கள்.

கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். மாடிப்படியில் என் காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே பேச்சு நிற்கும். கதவைத் திறந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"என்னடா பேசிட்டிருந்தீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

முப்பத்தைந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவன் என்னிடம் சொன்னதில்லை. பரீட்சையில் தோற்றதைச் சொல்லியிருக்கிறான், முதல் சிகரெட்டைச் சொல்லியிருக்கிறான். ஒண்ணுமில்லை என்று சொன்னதே இல்லை.

பிறகு வார இறுதிப் பயணங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியை எடுப்பார்கள். ஏரிக்காட்டில் கூடாரம் போடப் போகிறோம் என்பார்கள். ஞாயிறு மாலை வருவார்கள். வண்டியைக் கழுவும்போது கால்விரிப்பில் மணல் கொட்டியது. ஏரிக்காட்டில் களிமண்தான். இது கடல் மணல். வெள்ளையாக, நடுவில் சிப்பித் தூளோடு.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. இரண்டாவது பேட்டரியோடு ஒரு சின்ன மானிட்டர் வைப்போம். எவ்வளவு சார்ஜ் உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது, எந்த நேரத்தில், எதிலிருந்து என்று எல்லாவற்றையும் அது எழுதி வைத்துக்கொள்ளும். போனில் பார்க்கலாம். பொருத்தியபோது சரிபார்க்க என் போனில்தான் முதலில் இணைத்தேன். அந்த இணைப்பை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஆறரை மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கிறது. ஏரிக்காடு ஒன்றரை மணி நேரம். போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிறு காலை வரை வீட்டுக் கரன்டிலிருந்து சார்ஜ் ஏறியிருக்கிறது. கூடாரத்தில் பிளக் பாயின்ட் ஏது? அவர்கள் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்கள். கடற்கரையில், ஆறரை மணி நேரத் தூரத்தில்.

"ஏரியில தண்ணி இருந்ததாடா?" என்று கேட்டேன்.

"நிறைய இருந்ததுக்கா" என்றான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். அவனுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் தேடாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் இல்லாத நேரம் மாடிக்குப் போனேன். அது என் வீடு, திருட்டு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வண்டியின் டேஷ்போர்டில் ஒரு புதுச் சாவி கிடந்தது. அவளுடைய அலுவலகக் கோப்பில் கட்டம் போட்ட தாள் ஒன்று. அவள் கையால் அளவோடு வரைந்தது. கீழே இரண்டு வண்டி நிற்கிற மாதிரி ஒரு பட்டறை. பின்னால் சமையலறை. மேலே ஓர் அறையில் 'நாங்கள்' என்று எழுதி, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். தம்பி தன் கையெழுத்தில் ஓரத்தில் 'ஜன்னல் கடல் பக்கம்' என்று எழுதியிருந்தான்.

இதைப் பார்த்த பிறகு எந்த அக்காவுக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் போய்விடுவான். கேட்காத வரைக்கும் அவன் போகவில்லை.

அவளுக்கு உப்புப் பொட்டலில் ஒரு வார அளவை வேலை வந்தது. கூடமாட உதவிக்குத் தம்பியும் போவதாக ஏற்பாடு. திங்கள் காலை கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாமான் வாங்கக் கடைக்குப் போனார்கள். வண்டி பட்டறையில் நின்றது. பானெட்டைத் திறந்து அந்த நீல ஒயர்த் துண்டைப் போட்டேன். தம்பி சோதனைக்கு எப்போதும் வைத்துக்கொள்கிற அதே துண்டு. அவனுடைய பெட்டியிலிருந்துதான் எடுத்தேன். மேலே கறுப்பு டேப் சுற்றினேன். நான்கு நிமிட வேலை. இனி வாட்ச்மேன் கதவைச் சாத்தினாலும் பயனில்லை, பக்கத்திலேயே ஒரு சந்து திறந்திருக்கிறது. ஃப்ரிட்ஜ் ஓட ஓட இரண்டு பேட்டரியும் சேர்ந்து இறங்கும். ஆட்டோ கியர் வண்டி, தள்ளியும் கிளப்ப முடியாது.

என் எண்ணம் இவ்வளவுதான். வெயிலில் இரண்டு நாள் நிற்கட்டும். ஒருவரை ஒருவர் கடிந்துகொள்ளட்டும். ஊர் விட்டு ஊர் போய்க் குடித்தனம் நடத்துவது என்ன என்று அவனுக்குப் புரியட்டும். பிறகு யாராவது போய் இழுத்துக்கொண்டு வருவார்கள். நானே போயிருப்பேன். வழித்தாளின் ஒரு நகல் என்னிடம்தான் இருந்தது.

சோலார் பேனலைப் பற்றிக் கேட்டீர்கள். வண்டியின் கூரையில் ஒன்று இருந்தது. அது இருந்திருந்தால் தம்பி நேராக பேட்டரியில் இணைத்து மத்தியானத்துக்குள் வண்டியைக் கிளப்பியிருப்பான். அந்த வாரம் அது இல்லை. கண்ணாடி கீறியிருக்கிறது, மாற்ற அனுப்பிவிட்டேன் என்று சனிக்கிழமை சொன்னேன். கீறல் இருந்தது உண்மை. ஆமாம், அப்படியானால் சனிக்கிழமையே நினைத்துவிட்டேன் என்று ஆகிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிபுணர் மானிட்டரைப் பிரித்துப் பார்த்து, அதில் பேட்டரியின் கொள்ளளவு இரண்டு மடங்காகப் பதிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். தம்பி அதையும் தானே தப்பாகப் போட்டிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறான். அவன் போடவில்லை. நூறு இருந்த இடத்தில் இருநூறு என்று என் போனிலிருந்து மாற்றினேன். பாதி தீர்ந்திருக்கும்போது திரை எழுபத்தைந்து காட்டும். ஒட்டத் தீர்ந்த பிறகும் ஐம்பது என்றுதான் காட்டும். அவன் ஒரு நாளைக்கு மூன்று தடவை அதைப் பார்ப்பான், எனக்குத் தெரியும். ஜாக்கிரதையான பிள்ளை. நான் வளர்த்தது அப்படி.

டவர் இல்லாத பொட்டலில் பேசுவதற்கு வண்டியிலேயே இருக்கும் சாட்டிலைட் போன், அன்று என் மேசை டிராயரில் இருந்தது. சார்ஜ் போட எடுத்தேன், திரும்ப வைக்க மறந்துவிட்டேன் என்று முதல் தடவை உங்கள் ஆளிடம் சொன்னேன். மறக்கவில்லை. பட்டறையில் நான் எதையும் மறப்பதில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"வந்ததும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் அண்ணி. உட்கார்ந்து, நிதானமா."

"பேசலாம்மா. பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் ஃப்ரிட்ஜ் நின்றிருக்கிறது. திரையில் ஐம்பத்து மூன்று காட்டியதாம். ஃப்ரிட்ஜில்தான் கோளாறு என்று தம்பி அதைப் பிரித்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் வண்டியில் உயிரில்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய் டேப்பைப் பிரித்து அந்த ஒயரைப் பார்த்திருக்கிறான். தன் கையாலேயே இணைத்து மறந்துபோன ஒயர் என்று அந்த நிமிடமே நம்பிவிட்டான். அவளிடமும் சொல்லியிருக்கிறான். அவள் கோபப்படவில்லையாம். 'விடுங்க, வெள்ளிக்கிழமை தகவல் வரலைன்னா ஆபீஸ்ல தேடி வருவாங்க' என்றாளாம். தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது. வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகரக் கூடாது, தேடுகிறவர்களுக்கு வண்டிதான் கண்ணில் படும் என்பது பொட்டலுக்குப் போகிற எல்லோருக்கும் நாங்கள் சொல்லி அனுப்புகிற பாடம். தம்பிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். அவன் நகரவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தீர்கள். அவளுடைய அலுவலகத்துக் கிளார்க் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குப் பட்டறைக்குப் போன் செய்து பேசிய பேச்சு. அவர் நல்ல மனிதர். அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"நேத்தே தகவல் வரணும்மா, வரல. சாட்டிலைட் போனும் போக மாட்டேங்குது. ஆள் அனுப்பலாமான்னு பாக்கறோம். உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா?"

"நேத்து சாயங்காலம் பேசினாங்களே. வேலை முடியல, இன்னும் நாலு நாள் ஆகும்னு சொன்னாங்க. போன் சரியா எடுக்கலைன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"அப்பாடா. வயித்துல பால வார்த்தீங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். இரண்டாம் நாளே மீட்டுக்கொண்டு வந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். கஷ்டத்தில் ஒன்றாக இருந்தோம் என்று சிரித்துக்கொண்டே வந்து இறங்குவார்கள். அதைவிடப் பெரிய பந்தம் எது? கசப்பு ஊறுவதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும். இதை நான் அமைதியாகத்தான் யோசித்தேன். ரிசீவரை வைத்துவிட்டுப் பட்டறைத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, கீழ்வீட்டில் பழைய அறையில், அவன் சின்ன வயதில் படுத்த அறையில், மடித்து வைத்தேன்.

இன்சுலின் ஞாபகமே வரவில்லை என்று நேற்று சொன்னேன். நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். அப்படி மூடி வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஃப்ரிட்ஜுக்குச் சட்டம் அடித்தவள் நான். எந்தத் தட்டில் அந்த டப்பா இருக்கும் என்று தெரியும். தினமும் இரண்டு வேளை அவள் சமையலறையில் என் பக்கத்தில் நின்று ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று சனிக்கிழமை கணக்குப் போடவில்லை. போட வேண்டிய தேவை இருக்கவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் அதற்கு முந்தின மாதமே கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வாந்தி எடுத்திருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், மருந்து வேலை செய்யவில்லை. திங்கள் விடிந்ததும் தம்பி நடக்க ஆரம்பித்தான். நாற்பத்து நான்கு கிலோமீட்டர். செவ்வாய் மத்தியானம் உப்பு ஏற்றுகிற லாரிக்காரர் அவனைச் சாலையோரத்தில் பார்த்தார். ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அவள் வண்டி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி இருந்தாளாம். மடியில் அளவைப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் தம்பி நடந்து போன திசையை டிகிரி போட்டுக் குறித்து வைத்திருந்தாள். அவன் வரவில்லை என்றால் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று. அந்தப் பக்கத்தை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். கையெழுத்துத் தெளிவாகத்தான் இருந்தது.

அவனை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பாதம் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. கீழறையில்தான் படுக்க வைத்தேன், மாடி ஏற முடியாதல்லவா. கஞ்சி, மருந்து, கட்டு மாற்றுவது, எல்லாம் என் கையால்.

பத்தாம் நாள் கேட்டான்: "அக்கா, நான் அந்த ஒயர எடுத்தேனா, எடுக்கலையா? எடுத்த மாதிரியும் இருக்கு, எடுக்காத மாதிரியும் இருக்கு. நீ பக்கத்துல இருந்தியே."

"எனக்கு ஞாபகம் இல்லப்பா. அன்னிக்கு நீ ரொம்பக் களைச்சிருந்தே" என்றேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு நான்கு மாதம். பட்டறைக்கு வரவில்லை, வெளியே எங்கும் போகவில்லை. நான் தட்டை வைத்தால் சாப்பிடுவான், எடுத்தால் விடுவான். சில நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். 'கொன்னுட்டேன்க்கா' என்பான். 'அப்படிச் சொல்லாத' என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். உண்மையைச் சொல்லி அவனை நிமிர்த்தியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். யோசித்தேன். நிமிர்ந்தால் எழுந்து நடப்பான். எங்கே நடப்பான் என்பதுதான் கேள்வி.

அந்தக் கட்டம் போட்ட தாளைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். அதில் 'நாங்கள்' என்ற அறைக்கு நேர் கீழே, சமையலறைக்குப் பக்கத்தில், இன்னோர் அறை இருந்தது. மேலே இருப்பதைவிடப் பெரியது. படி ஏற வேண்டாம் என்று கீழே வைத்திருக்கிறார்கள். அதில் 'அக்கா' என்று தம்பி எழுதியிருந்தான். பக்கத்தில் அவள் கையெழுத்தில், 'அண்ணிக்குப் பிடித்த மாதிரி தனி வாசல்' என்று இருந்தது. பின்னால் தம்பியே சொன்னான், அளவை முடிந்து வந்ததும் என்னிடம் உட்கார்ந்து பேசி மூன்று பேருமாகப் போகலாம் என்று இருந்தார்களாம். நான் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பேனோ என்றுதான் எல்லாம் தயாராகும்வரை மறைத்தார்களாம்.

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். தாளை முதல் நாள் பார்த்தபோதே அந்த அறையையும் பார்த்தேன். பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன். அவன் வீட்டில் எனக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுக்க அவள் யார்? முப்பத்தைந்து வருடம் அவனை என் வீட்டில் வைத்து வளர்த்தவள் நான். தனி வாசலாம்.

போன வாரம் அவன் காலை ஊன்றி எழுந்தான். நானாகப் போய்த் தண்டனை வாங்கிக்கொள்கிறேன், அப்போதுதான் மூச்சு விட முடியும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான். தடுத்தேன், கேட்கவில்லை. மூன்று வருடமாவது உள்ளே வைப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். அவனுக்கு எண்ணெய்ப் பதார்த்தம் ஒத்துக்கொள்ளாது. குளிர் தாங்க மாட்டான். உள்ளே அவனை யார் பார்ப்பார்கள்? அதனால்தான் வந்தேன். அவனுக்காகத்தான் எல்லாம். ஆரம்பத்திலிருந்தே அவனுக்காகத்தான்.

ஒயர் போட்டது நான். பேனலைக் கழற்றியது, மானிட்டரை மாற்றியது, போனை எடுத்தது, கிளார்க்கிடம் பொய் சொன்னது, எல்லாம் நான். அவள் திரும்பி வர மாட்டாள் என்று தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள்.

நேற்று நான் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்று காலை அவனை விட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். நான் சொன்னதை முழுக்க அவனுக்குப் படித்துக் காட்டியதாகவும், அவன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனதாகவும் சொன்னீர்கள். அவன் சுபாவம் அது. பெரிய விஷயம் என்றால் முதலில் பேச்சு வராது. டீச்சர் விஷயத்தின்போதும் அப்படித்தான் இருந்தான். கொஞ்ச நாள் ஆகும்.

சிறையில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் ஒருவரை எழுதினால் போதும். உறவு என்ற இடத்தில் தம்பி என்று போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் எனக்கு வேண்டாம். அவனுக்கும் இப்போது என்னை விட்டால் வேறு யாரும் இல்லை.